மேற்கே வைத்த முகம்

மயிலாப்பூரில் எங்கள் ஜனங்களில் யாராவது இறந்துபோனால் முதலில் மசூதிக்கு ஆள் போகும். அடுத்தது கரீமுல்லா பாய் வீட்டுக்கு. கபர்ஸ்தான் என்கிற எங்கள் இடுகாட்டின் மதிலை ஒட்டிய ஓட்டு வீடு. செய்தி கொண்டுபோகிறவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவர் கேட்பது ஒன்றுதான்: "பெரியவங்களா, சின்னதா?" குழியின் நீளத்துக்காகக் கேட்கிற கேள்வி. சின்னது என்றால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போவார். பெரியவர்கள் என்றால் வாசலில் பூ விற்கிற சேட்டுவையும் கூப்பிட்டுக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் அவரே இறந்துபோனார். அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். படிக்காதவர், ஊரைவிட்டு எங்கும் போகாதவர், காஞ்சிபுரத்தைக்கூடப் பார்க்காதவர். ஆனால் கடைசி நாலைந்து வருஷங்கள் அவர் மனசு முழுவதும் அமெரிக்காவில் ஒரு கவுண்டியில்தான் இருந்தது. கவுண்டி என்றால் நம்முடைய ஜில்லா மாதிரி. அந்தக் கவுண்டிக்கு இம்பீரியல் என்று பெயர்.

நெட்டையான மனிதர். குனிந்து குனிந்து வேலை செய்து முதுகு வளைந்திருந்தது. வெற்றிலை போடுவார், குழிக்குள் இறங்கும்போது மட்டும் துப்பிவிட்டு வாய் கொப்பளித்துக்கொள்வார். எங்கள் கபர்ஸ்தான் மண் வெறும் மணல். கடல் பக்கம், ஆள் உயரம் தோண்டினால் ஈரம் கசியும், பக்கங்கள் சரியும். சரியாமல் தோண்டுவது ஒரு சாமர்த்தியம்தான். ஆனால் அதை அவர் பெரிதாக நினைத்ததில்லை. அவருக்கு முக்கியம் முகம். மேலே இருப்பவர்கள் இறக்கும் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, கையில் வாங்கி, வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, திரும்பவும் மல்லாந்துவிடாதபடி முதுகுக்கு அண்டை கொடுத்து ஒரு மண்கட்டி வைப்பார். தலைமாட்டு முடிச்சை அவிழ்த்துக் கன்னம் மண்ணில் படும்படி முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்புவார். மக்காவில் இருக்கிற கஃபாவின் திசைதான் கிப்லா. சென்னையில் இருப்பவர்களுக்கு அது மேற்கு. அதன்பிறகு குழிக்குள் இருந்து உரக்கச் சொல்வார்: "முகம் சரி." அந்தக் குரல் வந்த பிறகுதான் பலகை வைப்பார்கள், மண் போடுவார்கள்.

1928இல் என் மனைவி நஸ்ருன்னிசா இறந்தபோது, பெண் மையித் என்பதால் அவள் தம்பியும் நானும்தான் உள்ளே இறங்கினோம். பாய் மேலே போர்வையை விரித்துப் பிடித்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காமலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கட்டியை எங்கே வைப்பது, எந்தக் கையால் தலையைத் தாங்குவது. எல்லாம் முடிந்ததும் நான் வழக்கம்போல அந்தக் குரலுக்காகக் காத்து நின்றேன்.

"இன்னா மாஸ்டர், சும்மா நிக்கிறீங்க?"

"முகம் சரியா, பாய்?"

"நான் பாக்கலியே. நீங்கதான் சொல்லணும்."

சரி என்றேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே போவதும், அவரோடு மதில் நிழலில் உட்கார்ந்திருப்பதும் பழக்கமாகிவிட்டது. பேச்சு அதிகம் இராது.

சேட்டு அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பான். "பாய்கிட்ட எல்லாரும் மரியாதையா இருங்கப்பா. கடைசில மூஞ்சில மண்ணு போடறது அவருதான்" என்பான். "உனுக்கு யாருடா மண்ணு போடறது? நீ கிஷ்ணாம்பேட்டைல எரியப் போறவன்" என்பார் பாய். "அதுக்கின்னா, எரியறவனுக்கும் ஒரு மூஞ்சி கீதே" என்பான் அவன்.

ஒரு சம்பவம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மழை கொட்டிய ஒரு சாயங்காலம், லாந்தர் அணைந்து அணைந்து எரிய, தோல் மண்டிக்காரர் வீட்டு மையித் ஒன்றை அவசரமாக அடக்கினார்கள். மறுநாள் காலை பாய் நேராக அந்த வீட்டுக்குப் போய், "ராத்திரி எனுக்குக் குழியில திக்கு தப்பிப் போச்சு. தலைமாடு மாறிப்போச்சுன்னு தோணுது. திறந்து பாக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுப் பெரியவர் கையை ஓங்கிவிட்டார். பாய் நகரவில்லை. மசூதியில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தை வைத்துத் திறந்தார்கள். முகம் கிழக்கே இருந்தது. திருப்பி வைத்து மூடினார்கள். தானே போய்ச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. "ஏன் சொன்னீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "தப்புன்னு தெரிஞ்சா திறந்து திருப்பணும் மாஸ்டர். மண்ணுதான, இரும்பா?" என்றார்.

அவருக்கும் மனைவி ஹாஜிரா பீக்கும் ஒரே மகன், இனாயத். அவனுக்கு அப்பாவின் வேலை பிடிக்கவில்லை. துறைமுகத்தில் கரி அள்ளப் போனான். அப்படியே ஒரு கப்பலில் கொதிகலனுக்குக் கரி போடுகிற வேலையில் ஏறிவிட்டான். மெக்சிகோ நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறங்கியவன் திரும்பக் கப்பலுக்குப் போகவில்லை. எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டிக் கலிபோர்னியாவுக்குள் போய், பஞ்சாபிக்காரர்களோடு சேர்ந்து முலாம்பழத் தோட்டங்களில் வேலை செய்தான். வருஷத்துக்கு ஒருமுறை யாரையாவது பிடித்து இரண்டு வரி எழுதி அனுப்புவான். நல்லா இருக்கிறேன், வெய்யில் ஜாஸ்தி. அவ்வளவுதான்.

1931 தொடக்கத்தில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார்களுக்குத்தான் அந்த வேலை விழுந்தது. எனக்கு மசூதித் தெருவும் கபர்ஸ்தான் பக்கமும். பாய் வீட்டில் இரண்டு பேர் என்று எழுதப் போனேன்.

"மூணு" என்றாள் ஹாஜிரா பீ.

"அன்னிக்கு ராத்திரி இங்கே தூங்கறவங்களைத்தான் எழுதணும்."

"அவன் வேற எங்கயும் பொறக்கல. இங்கதான் பொறந்தான்."

"அவனை அந்த ஊர்ல எழுதிக்குவாங்க."

"எழுதிக்கினாங்களான்னு உனுக்குத் தெரியுமா, தம்பி? அவன்தான் திருட்டுத்தனமா போனவனாச்சே. கணக்கு எழுத வந்தா தோட்டத்துல போய் ஒளிஞ்சிக்குவான்."

பாய் சிரித்தார். "ரெண்டுன்னே எழுதுங்க மாஸ்டர். சர்க்காருக்கு எதுக்குப் பொய்யி?" ஹாஜிரா பீ எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருஷம் மாசி வெய்யிலில், திருவல்லிக்கேணிக்காரன் மெஹபூப் அலி ஒரு தகரப் பெட்டியோடு கபர்ஸ்தான் வாசலில் வந்து நின்றான். அமெரிக்காவில் இனாயத்தோடு வேலை செய்தவன். அந்தக் கவுண்டியில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். பெட்டியில் இனாயத்தின் துணிகள் இருந்தன.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, நானும் இருந்தேன். ஹாஜிரா பீயின் அழுகை ஓய்ந்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளை உள்ளே அழைத்துப்போன பிறகு, பாய் மெஹபூப் அலியை மதில் நிழலில் உட்காரவைத்தார். அவர் அழவில்லை. ஒரே தொழில் செய்கிறவரிடம் விசாரிப்பதுபோல விசாரித்தார்.

"எப்பிடிப் போச்சு?"

"வெய்யில்தான் நைனா. போன வருஷம் பழம் அறுக்கற சீசன். நம்ம கத்திரி வெய்யில் அங்க வசந்தகாலம்னு வச்சிக்கோயேன். மத்தியானம் குனிஞ்சவன் நிமிரல."

"யாரு குளிப்பாட்டினது?"

"நானும் இன்னும் ரெண்டு பஞ்சாபி முஸ்லிமுங்களும். கஃபன் துணி எல்லாம் மொறைப்படி. தொழுகையும் வச்சோம். அஞ்சு பேரு நின்னோம்."

"எங்க அடக்கினீங்க?"

"ஊர் கபர்ஸ்தான் ரொம்ப தூரம். அந்த வெய்யில்ல எடுத்துக்கினு போவ முடியாது. எங்க மேஸ்திரி வச்சிருந்த நெலம் ஒண்ணு, கடைசிக் கால்வாய்க்கு அந்தாண்ட. பயிர் ஏறாத நெலம், சொம்மா கெடக்குது. அங்கதான்."

"முகம்?"

மெஹபூப் அலி நெஞ்சில் கை வைத்தான். "அதுல கொறை வைப்பமா நைனா? நானே எறங்கி வச்சேன். சூரியன் எறங்கற பக்கம் பாத்து, நல்லா மேற்கால. நம்ம ஊர்ல நீ வைப்பியே, அப்பிடியே. உன் புள்ளையாச்சே."

பாய் அவன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு அவர் தலை நிமிர்ந்திருந்தது. மெஹபூப் அலி அந்த மாதமே ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டான். பிறகு அவனைப் பற்றி யாருக்கும் தகவல் இல்லை.

சில வாரங்கள் கழித்துப் பாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். விடுமுறை நாள். நான் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவன். என் அறையில் ஒரு பூமி உருண்டை உண்டு. மகன் இருந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்றார். அந்தக் கவுண்டியை உருண்டையில் போட்டிருக்கவில்லை. கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் பென்சில் முனையை வைத்தேன். அது எப்படிப்பட்ட இடம் என்று கேட்டார். முந்தைய நாள் எழும்பூர் நூலகத்தில் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். நாலாயிரம் சதுர மைலுக்கு மேல், நம்முடைய செங்கல்பட்டு ஜில்லாவைவிடப் பெரியது. கிழக்கே ஒரு பெரிய ஆறு, ஆற்றுக்கு அப்பால் அரிசோனா. தெற்கே மெக்சிகோ. மேற்கே மலைகள், மலைகளுக்கு அப்பால் இன்னொரு கவுண்டி, பிறகு சமுத்திரம். நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் இருக்கிற ஊர்கள் கடல்மட்டத்துக்கும் கீழே.

"கடலுக்குக் கீழயா?"

"கடல் அங்கே இல்லை, பாய். அளந்து பார்த்தால் அந்தத் தரை கடலைவிடத் தாழ்வு. அவ்வளவுதான்."

அவர் அதை ஏற்றுக்கொண்டார். உருண்டையை மெல்லத் தொட்டார். "நாம எங்க கீறோம்?" காட்டினேன். "மக்கா?" காட்டினேன். சென்னையிலிருந்து மக்காவுக்கு விரலை இழுத்துப் பார்த்தார். மேற்கு. சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு உருண்டையைச் சுற்றிப் பென்சில் முனை வைத்த இடத்துக்கு வந்தார். அங்கிருந்தும் விரலை அதே பக்கமாக, மேற்கே இழுத்தார். மலை வந்தது. பிறகு நீல நிறம் வந்தது. நீலம் முடியவே இல்லை.

"இது இன்னா, கடலாவே போய்க்கினு கீது."

"பசிபிக் சமுத்திரம்."

"மக்கா எங்க போச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் விரலைத் தூக்கிவிட்டார். உருண்டையின் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். என் மேஜையில் இருந்த நூலை எடுத்து, பென்சில் குறியிலிருந்து மக்கா வரைக்கும் நானே இழுத்துப் பிடித்துக் காட்டினேன். அது வடகிழக்காக, பனிப் பிரதேசங்களின் மேல் ஏறி இறங்கியது. எப்படிப் பார்த்தாலும் மேற்கு இல்லை. மேற்கே பார்க்கிறவனுக்கு அது முதுகுப் பக்கம்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மாணவர்கள் உட்காரும் சின்ன பெஞ்சு. முழங்கால் மார்பு வரை வந்தது.

"பூமி உருண்டை, பாய். மேற்கே போய்க்கொண்டே இருந்தாலும் கடைசியில் மக்கா வரும். ஜப்பான், சீனா, நம் ஊர், எல்லாம் தாண்டி வரும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எதிர்ல வாசல் கீது மாஸ்டர். அதுக்கு முதுகைக் காட்டிக்கினு ஒருத்தன் குந்திக்கினு, ஊரைச் சுத்தி வந்தா இந்தப் பக்கமும் வாசல்தான்னு சொன்னா, அது வாசலைப் பாத்துக்கினு குந்தினதா?"

நான் நூலைச் சுருட்டினேன். எழுந்து போகும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். "வூட்ல அவகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்கு மேற்குன்னா மேற்குதான். அப்பிடியே இருக்கட்டும்."

மசூதி ஹஜ்ரத் அப்துல் கரீம் சாந்தமான மனிதர். பாய் விஷயத்தைச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். ஹஜ்ரத் தாடியைத் தடவியபடி சொன்னார்.

"தெரியாம வச்சாங்க. நல்ல நெய்யத்தோட, நல்ல மனசோட வச்சாங்க. அல்லா அவங்களைக் கேக்க மாட்டான், இனாயத்தையும் கேக்க மாட்டான்."

"தெரியாத வரைக்கும் சரி ஹஜ்ரத். இப்ப தெரிஞ்சிடுச்சே. எனுக்குத் தெரிஞ்சிடுச்சே."

"உனுக்குத் தெரியாத சட்டமா, கரீமுல்லா? மையித் மண்ணோட மண்ணா கலந்திடுச்சின்னா தொடக்கூடாது. அத்தோட பேச்சு முடிஞ்சுது. முழுசா இருந்தா..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"முழுசா இருந்தா திருப்பணும்" என்றார் பாய்.

"யாரு போவப் போறாங்க? நீயா, நானா? உன்னால முடியாததை அல்லா உன்மேல வைக்கல. கையேந்தி துஆ செய்."

பாய் தலையாட்டினார். ஆனால் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "நம்ம மணல்ல மழை ஒண்ணு பேஞ்சா போதும், சீக்கிரமே ஆள் இல்லாம போயிடும். அந்த ஊரு மண்ணு எப்பிடி மாஸ்டர்? மழை பெய்யுமா?" எனக்குத் தெரியவில்லை. "எழுதிக் கேளுங்களேன். அவ்ளோ ஜனம் இருக்கறப்ப ஒருத்தர் எறங்கித் திருப்ப மாட்டாங்களா? ஒரு மணி நேர வேலை. நான் எப்பிடின்னு சொல்றேன், நீங்க இங்கிலீஷ்ல எழுதுங்க."

எழுதினேன். கவுண்டியின் தலைமை அலுவலகத்துக்கு என்று முகவரி போட்டு, என்னால் முடிந்த அளவு மரியாதையான ஆங்கிலத்தில் எழுதினேன். இறந்தவன் பெயர், இறந்த கோடை, கடைசிக் கால்வாய்க்கு அப்பால் இருக்கும் தரிசு நிலம், ஒரு பஞ்சாபி மேஸ்திரி. பாய் ஒவ்வொரு வரியும் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதுகுக்கு மண்கட்டி வைப்பதை எழுதினீர்களா என்றார். எழுதினேன் என்றேன். எந்தத் திசை என்று துல்லியமாகப் போட்டீர்களா என்றார். வடகிழக்கு என்று போட்டிருந்தேன். இரண்டாவது கடிதமாக அதே விஷயத்தை அங்கே இருக்கக்கூடிய பஞ்சாபிக்காரர்கள் யாருக்காவது கிடைக்கட்டும் என்று உருதுவிலும் எழுதி உள்ளே வைத்தேன்.

மாதக்கணக்கில் பதில் இல்லை. தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் பாய் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார். சேட்டுவுக்கு விஷயம் தெரியும்; அவன்கூட அந்த நேரத்தில் கேலி செய்ய மாட்டான்.

மழை ஆரம்பித்த பிறகு ஒரு தடித்த உறை வந்தது. அதில் என் கடிதத்துக்குப் பதில் இல்லை. நான் எழுதியது யார் மேஜைக்குப் போயிற்றோ, எந்த வரியைப் படித்தார்களோ, கவுண்டியைப் பற்றி விசாரிக்கிறான் ஒரு வெளிநாட்டான் என்று நினைத்துவிட்டார்கள் போலும். வழுவழுப்பான ஒரு சிறு புத்தகம் வந்திருந்தது. கவுண்டியைப் பற்றிய விவரங்கள். குடியேற நினைப்பவர்களை அன்போடு வரவேற்கிறோம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் அங்கே போய்க் குடியேற அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காது என்பது புத்தகம் அனுப்பியவருக்கு நினைவு வந்திருக்காது.

சேட்டுவின் பூக்கூடைப் பக்கத்தில், கபர்ஸ்தான் வாசல் கூரைக்குக் கீழே, மூன்று பேரும் உட்கார்ந்தோம். படித்துத் தமிழில் சொன்னேன். முதலில் பழக்கூடைகளின் படம். பிறகு கீரைத் தோட்டத்தின் படம். பிறகு கணக்கு.

"ஜனத்தொகை, 1930இல் எடுத்தது. அறுபதாயிரத்துத் தொள்ளாயிரத்து மூணு."

"அவ்ளோதானா?" என்றான் சேட்டு. "நம்ம அறுபத்துமூவர் அன்னிக்கு மாட வீதில நிக்கிற கூட்டம்."

"அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி நாற்பத்துமூணாயிரம் சொச்சம்."

பாய் கேட்டார்: "முப்பதுல எடுத்ததுன்னா, அப்ப அவன் உசுரோட இருந்தான் இல்ல?"

"இருந்தான்."

"அந்தக் கடைசில மூணு பேரு கீறாங்களே, அதுல ஒருத்தனா இருப்பானா?"

"இருக்கலாம், பாய்."

"ஒளிஞ்சிக்கினு இருந்திருப்பான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். "இங்கயும் எழுதல, அங்கயும் எழுதல."

சேட்டு ஒரு சாமந்தியின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான். "அது போவட்டும். அறுபதாயிரம் பேர்ல ஒருத்தனுக்கும் அந்த லெட்டரைப் படிக்க நேரம் இல்லியா? கடலுக்குக் கீழ கீறவங்க, காதுல தண்ணி பூந்திருக்கும்."

நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். அதைப் படிக்காமல் தாண்டியிருக்கலாம். ஆனால் பாயின் விரல் ஏற்கெனவே எண்களின் மேல் இருந்தது. எண் தெரியும் அவருக்கு.

"இது இன்னா?"

"மழை. வருஷத்துக்கு மூணு அங்குலம்."

"நம்ம ஊர்ல?"

"ஐம்பது."

அவர் அந்த மூணையே பார்த்துக்கொண்டிருந்தார். வருஷம் முழுதும் பெய்கிற மழை, விரல் நீளம்கூட இல்லை. விவசாயம் முழுவதும் ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய்களால்தான் நடக்கிறது, கால்வாய் போகாத இடம் பாலைவனம் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. அதையும் சொன்னேன். கடைசிக் கால்வாய்க்கு அந்தாண்ட என்று மெஹபூப் அலி சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"காஞ்ச மண்ணு" என்றார். "கருவாடு மாதிரி வச்சிக்கும் மாஸ்டர். எத்தினி வருஷம்னாலும் வச்சிக்கும். முழுசா படுத்துக்கினு கீறான்."

நான் இன்னும் இரண்டு முறை எழுதினேன். ஒரு முறை அந்தப் புத்தகம் திரும்பவும் வந்தது, புதிய அட்டையோடு. மற்ற முறை ஒன்றும் வரவில்லை.

அதன்பிறகு அவர் வேலையில் ஒரு மாற்றம் தெரிந்தது. முகம் வைத்த பிறகு குழிக்குள் முன்பைவிட நேரம் எடுத்துக்கொள்வார். ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார், திரும்ப இன்னொரு தடவை. மேலே நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். "முகம் சரி" என்ற குரல் வருவதற்குள் சிலர் முணுமுணுப்பார்கள். வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் வானம் கறுத்தால் என்னிடம் கேட்பார்: "இந்த மழையில கொஞ்சம் அங்க போவுமா?" போகாது, வேறு காற்று, வேறு சமுத்திரம் என்று ஒரு வருஷம் விளக்கினேன். மறு வருஷம் விளக்கவில்லை. தெரியாது என்றேன். அவர் தொழுதுவிட்டு மதிலோரமாகக் கையேந்தி நிற்கும்போது என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கவுண்டிக்கு மழை கேட்கிறார். தன் மகன் சீக்கிரம் மண்ணாகட்டும், திருப்பவேண்டிய கடன் தீரட்டும் என்று ஒரு தகப்பன் கேட்கிறார். ஒருநாள் அவரே சொல்லிவிட்டார். "புள்ள கெட்டுப்போவாம இருக்கணும்னு எல்லாரும் துஆ கேப்பாங்க. நான் கேக்கறது பாருங்க."

ஹாஜிரா பீயிடம் அவர் கடைசி வரை சொல்லவில்லை. அவளுக்கு அவர் இளைத்துப்போனது மகன் போன துக்கத்தில்தான். அதுவும் உண்மைதான்.

போன மழையில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். நான் பார்க்கப் போனபோது பேச மூச்சு இல்லை. ஹாஜிரா பீ கஞ்சி வைக்க எழுந்து போன நேரத்தில் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"எத்தினி வருஷம் ஆச்சு?"

"ஆறாவது வருஷம் நடக்கிறது."

"ஆறு வருஷத்துல, காஞ்ச மண்ணா இருந்தாலும்... ஆயிருக்குமா மாஸ்டர்?"

எனக்கு அந்த மண்ணைத் தெரியாது. ஆயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. வாழ்நாள் எல்லாம் முகங்களைப் பார்த்தவர் அவர். தெரியவில்லை, பாய் என்றேன். சரி என்பதுபோலத் தலையணையில் தலையை அசைத்தார். மறுநாள் காலை போய்விட்டார்.

அவரை அடக்கம் செய்தபோதும் மழை. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த ஆள் ஒருவன் குழி தோண்டினான். சரியும் மணலைத் தடுக்கத் தெரியாமல் திணறினான். சேட்டுதான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் உள்ளே இறங்கினேன். கட்டி வைக்க ஈர மணல் நிற்கவில்லை. மூன்று முறை கரைந்தது. கடைசியில் ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்து முதுகைத் தாங்கவைத்தேன். முகத்தைத் திருப்பினேன். குரல் எடுத்துச் சொன்னேன்.

பாய் வீட்டுக்கு வந்து ஹாஜிரா பீயிடம் சொல்லிக்கொண்டு போக நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினாள்.

"யாரு எறங்கினது, தம்பி?"

"நான்தான்."

"முகம் வச்சிட்டியா?"

"வச்சேன்."

"மேற்காலதான?"

"மேற்கேதான்."

அழுது ஓய்ந்த குரலில் சொன்னாள்: "இனாயத்தையும் அப்பிடித்தான் வச்சாங்கன்னு அந்தத் திருவல்லிக்கேணிக்காரன் சொன்னான். எங்கியோ ஒரு மூலைல கெடந்தாலும், அப்பனும் புள்ளையும் ஒரே பக்கம் பாத்துக்கினு கீறாங்க. எனுக்கு அது போதும்."

நான் ஆமாம் என்றேன். ஈரமான செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்.